ஓட முடியாத மாதங்களில் மனசை என்ன செய்வது?

ஓட்டம் நின்றதும் முதலில் கெடுவது வாய்தான். மூச்சும் தொடையும் கொஞ்ச நாள் தாக்குப்பிடிக்கும். வாய் அந்த வாரமே போய்விடும். பிள்ளை ஸ்கூல் பையைக் கூடத்தில் போட்டால் கத்தல், சாம்பாரில் உப்பு குறைந்தால் கத்தல், கம்பெனி பஸ் தாமதமானால் டிரைவரிடம் கத்தல். ஓடுகிறவர்கள் வீட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: "ஓடாத நாள்ல அவங்க கிட்டயே போவ முடியாது."

ராணிப்பேட்டையில் ஏற்றுமதிக்கு ஷூ தைக்கும் கம்பெனி ஒன்றில் நான் ஸ்டிச்சிங் லைன் சூப்பர்வைசர். வீடு வேலூர் சத்துவாச்சாரியில். பிள்ளைகள் வளர்ந்த பிறகுதான் ஓடவே ஆரம்பித்தேன். விடியற்காலையில் கோட்டை அகழியைச் சுற்றி ஓடும் கும்பலில் நானும் ஒருத்தி. கெண்டைக்காலைக் குதிகால் எலும்போடு பிணைக்கிற தடித்த தசைநாண் இருக்கிறதே, அக்கிலிஸ் என்பார்கள், அது தடித்து வலியெடுத்து, இப்போதைக்கு ஓட்டம் வேண்டாம் என்று ஆகிவிட்டது. இது பத்து நாளில் ஆறும் சமாசாரம் இல்லை, மாதக்கணக்கில் இழுக்கும். காலுக்கு என்ன செய்வது என்று பிசியோதெரபிஸ்ட் எழுதித் தருவார். மனசுக்கு யாரும் சீட்டு எழுதுவதில்லை. அதற்காகத்தான் இது.

முதலில் பிரித்துப் பாருங்கள்

எங்கள் வேலையில் "ஷூ சரியில்லை" என்று யாரும் சொல்லிவிட்டுப் போக முடியாது. அப்பரா (மேல்பாகம்), லைனிங்கா, கவுண்டரா (குதிகாலைத் தாங்கும் கெட்டித் துண்டு), இன்சோலா, ஒட்டா என்று பாகத்தைச் சொல்ல வேண்டும். அப்போதுதான் எந்த மேசைக்குத் திருப்பி அனுப்புவது என்று தெரியும். "ஓட முடியல, மனசு சரியில்ல" என்பதையும் அப்படித்தான் பிரித்துக் கேட்க வேண்டும். ஓட்டத்தில் எதை இழந்திருக்கிறீர்கள்?

எனக்குத் தெரிந்து ஓட்டம் நாலு காரியம் செய்கிறது. யாரும் கூப்பிடாத ஒரு மணி நேரத்தைத் தருகிறது. உடம்பைப் பிழிந்து வியர்க்க வைக்கிறது. ஒரே மாதிரி அடிமேல் அடி விழுவதில் தலைக்குள் ஓடும் பேச்சு நின்றுபோகிறது. நாலாவது, ஓடி முடித்து டீ குடிக்கும் கூட்டம். இந்த நாலில் உங்களுக்கு எது பெரிது என்று ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். ஆளுக்கு ஆள் மாறும். எங்கள் கும்பலில் ஒரு ரிட்டையர்டு வாத்தியாருக்கு டீயும் பேச்சும்தான் ஓட்டமே. எனக்கு அந்த முதல் விஷயம். வீட்டில் மாமியார், கணவர், இரண்டு பிள்ளைகள். லைனில் வரிசையாகப் பெண்கள், ஒவ்வொருத்திக்கும் ஒரு பிரச்சினை. "அம்மா", "மேடம்", "இங்க பாரு" என்று யாரும் அழைக்காத நேரம் அந்த விடியற்காலை ஒன்றுதான்.

நாலையும் ஒரே அடியில் தரும் மாற்று கிடையாது. யோகா பாயை வாங்கி விரித்துவிட்டு "இது ஓட்டம் மாதிரி இல்லையே" என்று பத்தே நாளில் சுருட்டி வைப்பவர்கள் தேடுவது அதைத்தான். தனித்தனியாக ஈடுகட்டுங்கள். மூன்றை ஈடுகட்டினாலே வீட்டில் அமைதி வந்துவிடும்.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். இந்த எரிச்சல் நம் குணக்கேடு அல்ல. தொடர்ந்து ஓடுகிறவர்களை இரண்டு வாரம் ஓடவிடாமல் வைத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 1990-ல் வந்தது. அவர்களுக்குப் பதற்றமும் தூக்கக் குறைவும் மனச்சோர்வின் அறிகுறிகளும் கூடின. திரும்ப ஓட ஆரம்பித்ததும் இறங்கின. ஓடும்போது வரும் அந்த லேசான, சுகமான கிறக்கத்துக்கு எண்டார்பின்தான் காரணம் என்று முன்பு சொல்லிவந்தார்கள். இப்போது உடம்பு தானே சுரக்கும் ஆனந்தமைடு போன்ற வேறு பொருள்களைச் சொல்கிறார்கள். 2003-ல் வந்த ஆய்வில், நடுத்தர வேகத்தில் சைக்கிள் மிதித்தவர்களுக்கும் அது ரத்தத்தில் கூடியிருந்தது. ஆக, வியர்வைக்கு மாற்று இருக்கிறது. அதற்கு வருகிறேன்.

அந்த அஞ்சு மணியைக் கைவிடாதீர்கள்

ஓட்டம் இல்லையே, இன்னும் ஒரு மணி நேரம் தூங்கலாம் என்று தோன்றும். தூங்கினால் நாள் பூராவும் எதையோ தொலைத்த மாதிரியே இருக்கும். எழுந்திருக்கும் நேரத்தை மாற்றாதீர்கள். அந்த நேரத்தில் செய்ய ஒரு வேலை வேண்டும், அவ்வளவுதான். காலுக்கான பயிற்சியையே அங்கே கொண்டுபோய் வையுங்கள்.

அக்கிலிஸ்காரர்களுக்கு மாடிப்படியே போதும். படியின் விளிம்பில் முன்பாதம் மட்டும் பதிய நிற்க வேண்டும். கைப்பிடிச் சுவரைத் தொட்டுக்கொள்ளலாம். நல்ல காலால் எம்பி, வலிக்கிற காலுக்குப் பாரத்தை மாற்றி, குதிகாலை மெல்ல மெல்லப் படிக்குக் கீழே இறக்க வேண்டும். முட்டி நீட்டி 15 தடவை, மூன்று சுற்று. முட்டியைக் கொஞ்சம் மடக்கி இன்னொரு மூன்று சுற்று. காலையும் மாலையும், 12 வாரம். ஸ்வீடனில் ஹோகன் ஆல்ஃப்ரெட்சன் என்ற எலும்பு மருத்துவர் 1998-ல் வெளியிட்ட முறை இது. அவருக்கே அக்கிலிஸ் வலி இருந்திருக்கிறது. அறுவை சிகிச்சை கேட்டார், மேலதிகாரி மறுத்துவிட்டார். அறுந்தே போகட்டும், அப்போதாவது ஆபரேஷன் செய்வார்கள் என்று அந்தத் தசைநாணின் மேல் பாரத்தை ஏற்றிக்கொண்டே போயிருக்கிறார். அறுவதற்குப் பதில் ஆறிவிட்டது. ஓட முடியாத கடுப்பு உலகத்துக்கே பொது என்று தெரிந்ததில் எனக்கு ஒரு திருப்தி.

ஒரு எச்சரிக்கை. வலி குதிகால் எலும்போடு ஒட்டும் இடத்திலேயே இருந்தால் படிக்குக் கீழே இறக்கக் கூடாது, தரைமட்டத்தோடு நிறுத்த வேண்டும். உங்களுக்கு எந்த இடம் என்று ஒரு தடவையாவது பிசியோதெரபிஸ்டிடம் காட்டிக் கேட்டுவிடுங்கள். யாரோ பின்னாலிருந்து உதைத்த மாதிரி "பட்"டென்று கேட்டு, அதன் பிறகு நுனிக்காலில் எம்பவே முடியவில்லை என்றால் பயிற்சியெல்லாம் பேசாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரி. காய்ச்சலுக்கோ யூரின் இன்ஃபெக்‌ஷனுக்கோ சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின் எழுதினால், தசைநாண் வலி இருப்பதை டாக்டரிடம் சொல்லுங்கள். அந்த வகை மாத்திரைகள் தசைநாணைப் பலவீனப்படுத்தக்கூடும். மெடிக்கலில் நாமே கேட்டு வாங்கிப் போடும் பழக்கம் நம் பக்கம் அதிகம் என்பதால் சொல்கிறேன்.

மனசைத் தின்பதில் பாதி, "இன்னிக்கு வலிக்குதே, மோசமாவுதா?" என்ற சந்தேகம்தான். அதற்கு ஒரு விதி இருந்தால் சந்தேகம் அடங்கும். பிசியோதெரபிஸ்ட்கள் பலர் சொல்வது இது: பயிற்சியின்போது வலி பத்துக்கு ஐந்து வரை போகலாம், மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு இறங்கிவிட வேண்டும். இறங்கினால் சரி, இறங்காவிட்டால் அடுத்த நாள் குறைத்துக்கொள்ள வேண்டும். எழுந்ததும் பாத்ரூமுக்கு நடக்கும் அந்த முதல் பத்தடி எப்படி இருந்தது என்று மட்டும் காலண்டரில் ஒரு எண் போடுங்கள். அதோடு அன்றைக்குக் காலைப் பற்றிய ஆராய்ச்சி முடிந்தது. மறுபடி மறுபடி அமுக்கிப் பார்ப்பதும், செல்போனில் அந்த நோயையே தேடிக்கொண்டிருப்பதும் ராத்திரித் தூக்கத்தைக் கெடுப்பதோடு சரி.

என் தொழில் சார்ந்த ஒரு உபாயமும் உண்டு. இரண்டு ஷூவுக்குள்ளும் குதிகாலுக்கு அடியில் ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்கு கெட்டியான ஈவிஏ ஷீட் (சோலுக்குப் போடும் நுரை ஷீட்) வெட்டிப் போடுங்கள். முன்பக்கம் சரிவாகச் சீவிவிட வேண்டும், இல்லாவிட்டால் பாதத்தில் குத்தும். குதி உயர்ந்தால் அக்கிலிஸுக்கு இழுப்பு குறையும். ஒரு காலுக்கு மட்டும் போடாதீர்கள், இடுப்பு கேட்கும். ஷூவின் பின்பக்கக் கவுண்டர் கல் மாதிரி விறைத்து மேல்விளிம்பு அந்த இடத்திலேயே உரசினால் அந்த ஷூ வேண்டாம். நாள் பூராவும் லைனில் நிற்கும் எனக்கு இந்தத் துண்டு ஷீட்டால் கிடைத்த நிம்மதி சின்னதல்ல. வலி குறைந்தால் கோபமும் குறைகிறது.

படியில் வேலை முடிந்ததும் உடனே கீழே இறங்கிவராதீர்கள். ஓடியிருந்தால் எத்தனை மணிக்கு வீடு திரும்புவீர்களோ அதுவரை மொட்டை மாடி உங்களுடையது. இதை வீட்டில் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். "நான் மேலதான் இருக்கேன், ஆனா இல்லேன்னு வெச்சுக்கோங்க." முதல் வாரம் சிரித்தார்கள், மாமியார் உட்பட. பிறகு பழகிவிட்டது. சத்துவாச்சாரி மலை கறுப்பிலிருந்து செம்மண் நிறத்துக்கு வருவதைப் பார்த்துக்கொண்டு உட்காரலாம், காபி குடிக்கலாம், மாவடு ஊறியிருக்கிறதா என்று ஜாடியைத் திறந்து பார்க்கலாம். எதுவும் செய்யாமலும் இருக்கலாம். செல்போன் மட்டும் கீழே இருக்கட்டும்.

வியர்வைக்கு வழி: கிணறு

பள்ளிகொண்டா பக்கம் என் அம்மா வீடு. அண்ணன் நிலத்தில் பழைய கல்கட்டுக் கிணறு. "தண்ணியில்லாத ஆறு" என்று பாலாற்றைக் கேலி செய்வது ஊர் வழக்கம். ஆனால் 2021 நவம்பரில் இரு கரையும் தொட்டு வெள்ளம் ஓடியதே, அதைப் பார்த்தவர்கள் அவ்வளவு சுலபமாகக் கேலி செய்ய மாட்டார்கள். வடகிழக்குப் பருவமழை சரியாக இருந்தால் பொங்கல் சமயத்தில் ஆற்றங்கரைக் கிணறுகளில் கைக்கெட்டும் ஆழத்தில் தண்ணீர் நிற்கும்.

நீந்தச் சொல்லவில்லை, தண்ணீரில் ஓடச் சொல்கிறேன். கால் எதையும் தொடாமல் ஆழத்தில் நின்ற வாக்கில் ஓடுவதைக் காயம்பட்ட ஓட்டக்காரர்களுக்குப் பயிற்சியாளர்கள் உலகம் முழுக்கப் பரிந்துரைக்கிறார்கள். அடி விழாததால் தசைநாணுக்கும் எலும்புக்கும் அதிர்ச்சி இல்லை. இருதயத்துக்கும் தொடைக்கும் மட்டும் வேலை. அதற்கென்று மிதவை பெல்ட் விற்கிறது. நமக்கு மூடி இறுகிய இரண்டு காலி ஐந்து லிட்டர் எண்ணெய்க் கேன் போதும். நம் ஊரில் பிள்ளைகள் நீச்சல் பழகுவதும் அப்படித்தானே. பழைய துப்பட்டாவால் இடுப்புக்கு மேலே பின்பக்கம் இரண்டு புறமும் கட்டிக்கொள்ளுங்கள்.

ஆனால் இதெல்லாம் நீச்சல் தெரிந்தவர்களுக்கு மட்டும். தனியாக இறங்கவே கூடாது. மேட்டில் ஒரு ஆள், கையில் கயிறோடு. இறங்குவதற்கு முன் மோட்டார் ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது, ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். தண்ணீரில் கரண்ட் கசிவது கண்ணுக்குத் தெரியாது. பாசி படிந்த படியில் உட்கார்ந்துதான் இறங்க வேண்டும். குதிக்காதீர்கள். சின்ன வயசில் குதித்த கிணறாகவே இருந்தாலும் சரி.

உள்ளே போனதும் உடம்பை நேராக நிறுத்தி, இம்மியளவு முன்னால் சாய்ந்து, முட்டியை இடுப்பு உயரத்துக்குக் கொண்டுவந்து கீழேயும் பின்னாலேயும் தள்ளுங்கள். கை ரோட்டில் ஓடும்போது எப்படி வீசுவீர்களோ அப்படி. உள்ளங்கையால் துடுப்புப் போடக் கூடாது. பத்து நிமிஷம் மெதுவாக. பிறகு ஒரு நிமிஷம் வேகம், ஒரு நிமிஷம் மெது, மாற்றி மாற்றிப் பத்து முறை. கடைசியில் மறுபடி மெதுவாக. வாட்சில் இருதயத்துடிப்பு ரோட்டில் வருவதைவிடக் கொஞ்சம் குறைவாகவே காட்டும், தண்ணீருக்குள் அப்படித்தான். மூச்சு வாங்குவதை வைத்துக் கணக்குப் போடுங்கள். நல்ல வேகத்தில் இரண்டு வார்த்தைக்கு மேல் சேர்ந்து பேச முடியக் கூடாது.

அண்ணன் முதல் முறை எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "இன்னாம்மே, ஓடுற ஓடுற, நின்ன எடத்துலயே கீற?" அண்ணிக்குச் சிரிப்பில் கயிறு கையிலிருந்து நழுவாதது பெரிய விஷயம். உண்மைதான், நகர மாட்டோம். நீச்சல் குளத்தில் இது செத்த சலிப்பு என்று படித்திருக்கிறேன். கிணற்றில் அவ்வளவு சலிப்பில்லை. நம் மூச்சு கல்சுவரில் பட்டுத் திரும்பி வரும். வேலிமரத்தில் தூக்கணாங்குருவிக் கூடு தொங்கும். எப்போதாவது ஒரு தண்ணிப் பாம்பு தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் பொந்துக்குள் போகும். அது ஒன்றும் செய்யாது, அன்றைய வேகம் மட்டும் தானாகக் கூடிவிடும். ஏறி வந்தால் அம்மா கேழ்வரகுக் களியும் வேர்க்கடலைத் துவையலும் வைத்திருப்பாள். அந்த மதியம் வரும் தூக்கம் பத்து கிலோமீட்டர் ஓடிய தூக்கமேதான்.

கிணறு எல்லாருக்கும் வாய்க்காது, எனக்கே ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். வார நாளில் சைக்கிள். பெடலைக் கால்விரல் பக்கம் வைத்து மிதிக்காமல் பாதத்தின் நடுவில் வைத்து மிதித்தால் அக்கிலிஸ் இழுபடாது. சீட் அதிக உயரம் வேண்டாம். விடிவதற்குள் பெருமுகை, ரத்தினகிரி பக்கம் சர்வீஸ் ரோட்டில் போய்த் திரும்புவது நல்ல வழி. கிரீன் சர்க்கிள் பக்கம் வண்டியைத் திருப்பாதீர்கள். மன அழுத்தத்தைக் குறைக்கக் கிளம்பி இரண்டு மடங்காக வாங்கிவருவீர்கள். சித்திரை, வைகாசியில் ஏழு மணிக்குள் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். வேலூர் வெயிலைப் பற்றி வேலூர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

"இத்தனை வருஷம் ஓடிச் சேர்த்தது எல்லாம் போச்சே" என்ற பயத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. பல வருஷம் பயிற்சி செய்தவர்களை முழுக்கச் சும்மா உட்காரவைத்துப் பார்த்தது 1984-ல் ஒரு ஆய்வு. உடம்பு ஆக்சிஜனைப் பயன்படுத்தும் உச்ச அளவு முதல் மூன்று வாரத்தில் ஏறக்குறைய 7 சதவீதம் குறைந்தது. மூன்று மாதத்தில் 16 சதவீதம் வாக்கில் இறங்கி அங்கேயே நின்றுவிட்டது. அதுவும் ஒன்றுமே செய்யாமல் இருந்தவர்களுக்கு. கிணறும் சைக்கிளுமாக இருப்பவர்களுக்கு அவ்வளவுகூடப் போகாது.

சாயங்காலம்தான் ஆபத்து

காலையை இப்படி ஒப்பேற்றிவிடலாம். சாயங்காலம் வேறு கதை. ஷிப்மென்ட் நெருங்கும் வாரத்தில் லைன் டார்கெட் ஏறும். அப்பரில் தையல் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலும் பீஸ் திரும்பி வரும். சொல்யூஷன் (ஒட்டுப் பசை) வாசனையும் மெஷின் சத்தமும் பஸ்ஸில் கூடவே ஏறி வீடுவரை வரும். முன்பெல்லாம் நாளைக்குக் காலையில் ஓடினால் தீர்ந்துவிடும் என்று அடக்கி வைத்துக்கொள்வேன்.

இங்கே எனக்கு உதவியது பூ கட்டுவது. பஸ் இறங்கும் இடத்தில் கால் கிலோ உதிரி மல்லி, சீசன் இல்லையென்றால் முல்லை, அதுவும் விலை ஏறினால் கனகாம்பரம். வாழைநாரை நனைத்து வைத்துக்கொண்டு, இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு, ஒரு சுற்று, ஒரு இழுப்பு. ஓடும்போது வருவது போன்ற ஒரே தாளம். நெருக்கமாகக் கட்ட வேண்டும் என்பதால் கண்ணும் அங்கேயே இருக்க வேண்டும்; ஆனால் யோசிக்க ஒன்றுமில்லை. டிவி முன்னால் உட்கார்ந்து கட்டினால் பலன் பாதி. வாசற்படியில் உட்கார்ந்து பேசாமல் கட்டுங்கள். முழம் முழமாக நீளும்போது மேனேஜர் சொன்னது எங்கோ தூரத்துக்குப் போயிருக்கும். ஆண்களுக்கு இது சரிவராது என்று நினைக்க வேண்டாம். மார்க்கெட்டில் மாலை கட்டுகிறவர்கள் பாதிப் பேர் ஆண்கள்தான். வேண்டாமென்றால் வேறு ஏதாவது கைவேலை: சைக்கிள் செயினைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவுவது, வேர்க்கடலை உரிப்பது. கை ஓயாமல் ஓட வேண்டும், முடிவில் கண்ணால் பார்க்க ஒரு பொருள் இருக்க வேண்டும்.

மூச்சுப் பயிற்சியும் வேலை செய்கிறது. அதைப் பற்றி எழுத அதிகமில்லை. நாலு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விட்டால் நிமிஷத்துக்கு ஆறு மூச்சு வரும். விடும் மூச்சு நீளமாக இருந்தால் இருதயத்துடிப்பு இறங்கும். ஐந்து நிமிஷம் போதும். பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்தால் அங்கேயே செய்யலாம்.

மாதத்துக்கு ஒரு முறையாவது மெதுவாகப் பார்க்க வேண்டிய இடம் எதற்காவது போங்கள். ஓடும் காலத்தில் கோட்டை எனக்கு ஒரு சுற்று, ஒரு தூரம், அவ்வளவுதான். உள்ளே ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்தில் ஒரு தூணை எடுத்துக்கொண்டு மேலிருந்து கீழ்வரை பார்த்து முடிக்கவே அரைமணி ஆகிறது. விரிஞ்சிபுரம் மார்க்கபந்தீஸ்வரர் கோயிலில் நேரம் காட்டும் கல் ஒன்று இருக்கிறது. குச்சியை வைத்தால் நிழல் விழும் எண்தான் மணி. கிலோமீட்டருக்கு எத்தனை நிமிஷம் என்று கணக்குப் பார்த்தே பழகிய எங்களைப் போன்றவர்கள் அந்த நிழல் நகர்வதைக் கொஞ்ச நேரம் பார்க்கலாம். படி அதிகம் ஏற வேண்டிய மலைக்கோயில்களை இப்போதைக்குத் தள்ளிப்போடுங்கள். ரத்தினகிரி முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஊர் வாயும் உங்கள் கூட்டமும்

அக்கம்பக்கத்துக்குப் பதில் சொல்லிச் சொல்லியே களைத்துப்போவீர்கள். "இன்னாக்கா, இன்னும் கால் செரியாவலயா?" "இந்த வயசுல ஓடுனா அப்படித்தான் ஆவும்." எதிர்வீட்டம்மாவுக்கு எல்லாவற்றுக்கும் புத்தூர் கட்டுதான் மருந்து. ஆந்திராவில் இருக்கும் புத்தூர் எலும்பு முறிவுக்குப் பேர் வாங்கிய ஊர். எனக்கு எலும்பே முறியவில்லை என்று விளக்கி முடிப்பதற்குள் குக்கரில் நாலு விசில் வந்துவிடும். விளக்காதீர்கள். ஒரே பதிலைத் தயார் செய்து எல்லாருக்கும் அதையே சொல்லுங்கள். என் பதில்: "மாங்கா சீசனுக்கு ஓடிடுவேன்." மாங்காய் வந்து போய்விட்டால் அடுத்த மாங்காய்.

ஓட்டக் கும்பலின் வாட்ஸ்அப் குழுவையும், ஓடிய தூரத்தைப் பதியும் ஸ்ட்ராவா ஆப்பையும் முதல் மாதம் சத்தமில்லாமல் வையுங்கள். அடுத்தவர் ஓடிய தூரத்தை விடியற்காலையில் பார்ப்பதில் ஒரு நன்மையும் இல்லை. ஆனால் குழுவைவிட்டு வெளியேறாதீர்கள். வெளியேறினால் நாலு பேர் போன் செய்து காரணம் கேட்பார்கள், மறுபடியும் விளக்கம். மாதம் கழிந்து மனசு கொஞ்சம் ஆறியதும் டீ நேரத்துக்கு மட்டும் போய்ச் சேருங்கள். அவர்கள் வியர்வையோடு வரும்போது நாம் குளித்துவிட்டு நிற்பது ஆரம்பத்தில் கூச்சமாகத்தான் இருக்கும். கையில் ஒரு வேலை இருந்தால் கூச்சம் தெரியாது. ஞாயிறு நீண்ட ஓட்டத்துக்குத் தண்ணீர் கேனோடு வழியில் நிற்பது, புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஷூ பார்த்துத் தருவது. இந்த இரண்டாவது வேலை எனக்குப் பிடித்தது. சோல் தேய்ந்திருக்கும் பக்கத்தைப் பார்த்தாலே அந்த ஆள் எப்படி ஓடுகிறார் என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

சாப்பாட்டைக் குறைக்காதீர்கள். ஓடவில்லையே, எடை போடுமே என்று பாதிச் சோறு தின்றால் பசிக் கோபம் ஒரு பக்கம், ஆறும் தசைநாணுக்குப் புரதம் இல்லாமல் போவது மறுபக்கம். முட்டை, பருப்பு, கடலை தினமும் இருக்கட்டும்.

இவ்வளவு செய்தும் இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் பிடிக்கவில்லை, எதிலும் ஒட்டவில்லை, அழுகை வருகிறது என்றால் அது ஓட்டத்தைத் தாண்டிய விஷயம். 14416 என்ற எண்ணில் அரசின் மனநலத் தொலைபேசி உதவி, டெலி மானஸ், இருக்கிறது, இலவசம், தமிழில் பேசலாம். வேலூர்க்காரர்களுக்கு பாகாயத்தில் சிஎம்சியின் மனநல மையம் 1957-லிருந்து இருக்கிறது. "பாகாயம் போனியா?" என்று கேலி பேசும் ஊர்தான் இது. பேசட்டும்.

மறுபடி ஓட இறங்கும்போது

அவசரம் வரும். ஒற்றைக் காலில் நின்று இருபது முறை வலியில்லாமல் எம்ப முடிய வேண்டும், காலையில் எழுந்ததும் விறைப்பு இருக்கக் கூடாது, அரைமணி வேகநடை போய்வந்து மறுநாளும் கால் அமைதியாக இருக்க வேண்டும். அதன் பிறகுதான் சமதரையில் ஒரு நிமிஷம் ஓட்டம், இரண்டு நிமிஷம் நடை. ஓடிய மறுநாள் ஓடாதீர்கள்; கடினமான வேலைக்குப் பிறகு ஒன்றரை நாள் வரை தசைநாணில் புது நார் கட்டப்படுவதைவிடப் பழைய நார் கரைவதே அதிகம். ஆரம்பத்தில் இரண்டு நாள் இடைவெளி நல்லது. மேடும் வேகமும் கடைசியில். படிப் பயிற்சியை நிறுத்த வேண்டாம்.

ஷூவை எடுத்து அப்படியே மாட்டிக்கொண்டு கிளம்பவும் கூடாது. மாதக்கணக்கில் பெட்டிக்குள், அதுவும் நம் ஊர் வெக்கையில் கிடந்த ஷூவில் ஒட்டு விட்டிருக்கும். மூக்குப் பக்கம் சோலையும் அப்பரையும் இரண்டு கட்டைவிரலால் விலக்கிப் பாருங்கள். நகம் உள்ளே போனால் ஒட்டக் கொடுங்கள். சோலின் நடுப்பகுதி பாலியூரித்தேனாக இருந்து, அழுத்தினால் பொடி உதிர்கிறதென்றால் ஒட்டிப் பயனில்லை, ஈரக்காற்றிலேயே அது மக்கிவிடும். வேறு ஷூ வாங்குங்கள், சாயங்காலம் போய் வாங்குங்கள். பாதம் அப்போதுதான் முழு அளவுக்கு வந்திருக்கும்.